உலோகத்தில் ஒரு தேசம் – 6: ஒன்பது அடி வாங்கிய தங்கம்

இதுவரை: தன் நாட்டு நாணயங்கள் சகிக்க முடியாத அவலட்சணம் என்று 1904 டிசம்பர் 27 அன்று நிதியமைச்சர் லெஸ்லி ஷாவுக்கு எழுதினார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் போன்ற ஒரு சிற்பியிடம் வேலையைக் கொடுக்கக் காங்கிரஸின் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டார். 25 ஆண்டு புழங்கிய வடிவத்தை அனுமதியில்லாமலே மாற்றலாம் என்றது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளிக் காசுகளின் வடிவம் 1892-இல்தான் வந்திருந்ததால் அவற்றைத் தொட முடியவில்லை. ஒரு சென்ட் காசும் தங்க நாணயங்களும் கைக்கு எட்டின. சிற்பி சம்மதித்தார். பிலடெல்பியா நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பருக்கு அது பிடிக்கவில்லை. இனி...

* * *

1905 நவம்பர் 6. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கார்னிஷ் என்ற சிற்றூரில் இருந்த சிற்பிக்கு அதிபர் ஒரு கடிதம் எழுதினார்.

மகா அலெக்சாண்டர் காலத்துத் தங்க நாணயங்களைப் பார்த்து வியந்திருந்தார் ரூஸ்வெல்ட். அவற்றில் உருவங்கள் எவ்வளவு புடைத்து எழுந்து நிற்கின்றன! நாமும் அதே உயரத்தில் உருவத்தை எழுப்பி, ஓரத்தையும் சேர்த்து உயர்த்திவிட்டால் என்ன? ஓரம் காவல் நிற்கும். நடுவில் இருக்கும் உருவம் தேயாது. இதுதான் அதிபரின் கேள்வி.

நவம்பர் 11-ஆம் தேதியிட்ட பதிலில் சிற்பி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். நாணயச்சாலை அதிகாரிகள் இதற்கு இணங்குவார்களா என்ற சந்தேகத்தையும் மறைக்காமல் எழுதினார். மலையுச்சியில் நடப்பவள்போல முன்னோக்கி அடியெடுத்து வைக்கும் சுதந்திர தேவி. அந்த உருவம் அப்போதே அவர் மனதில் உருப்பெற்றிருந்தது.

ரூஸ்வெல்ட் காத்திருக்கவில்லை. நாணயச்சாலைக்காரர்களை வரவழைத்திருப்பதாக அடுத்த சில நாட்களிலேயே சிற்பிக்குத் தெரிவித்தார். இதற்காகக் காங்கிரஸ் தன்னைப் பதவியிலிருந்து இறக்கினால்கூட அது மலிவான விலைதான் என்று அவர் எழுதியதும் உண்டு. ஒரு நாட்டின் தலைவர் காசின் அழகுக்காக இந்த அளவுக்கு இறங்கி நின்றது அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் நடந்ததில்லை.

அவர் கேட்டது அழகை. நாணயச்சாலைக்கு அது எந்திரத்தின் பிரச்சினையாக வந்து சேர்ந்தது.

* * *

கிரேக்கக் கம்மியர் சூடேற்றிய உலோக வில்லையைக் கீழ் அச்சின் மேல் வைப்பார். மேல் அச்சைப் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். உருவம் முழுதாக எழவில்லையென்றால் இன்னோர் அடி. விளிம்பு கோணிப் போனாலும், ஒரு காசு இன்னொரு காசின் மேல் உட்காராவிட்டாலும் அவர் கவலைப்படத் தேவையில்லை.

பிலடெல்பியாவில் ஒரு வில்லைக்கு ஒரே அடிதான். அந்த ஓர் அடியில் இரண்டு பக்கமும் விளிம்பும் முடிந்து, காசு கீழே விழ வேண்டும். அடுத்த வில்லை உள்ளே போக வேண்டும். வங்கிக் காசாளர் அவற்றைத் தூண்போல அடுக்கும்போது எல்லாத் தூணும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

பிசைந்த மாவைச் செதுக்கிய அச்சில் அழுத்தினால் மாவு குழிகளுக்குள் ஏறுவதைப் போலத்தான் தங்கமும் ஏறுகிறது. குழி ஆழமாக ஆக, அதை நிரப்பத் தங்கம் அதிக தூரம் நகர வேண்டும். ஓர் அடி போதாது. அடிவாங்கிய தங்கம் இறுகிப்போவதால், அடுத்த அடிக்கு முன் அதை மறுபடி காய்ச்சி இளக்க வேண்டும்.

எனவே புடைப்பு எவ்வளவு உயரம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. இருபது டாலர் தங்க நாணயத்தின் விட்டம் 34 மில்லிமீட்டர். எடை 33.4 கிராமுக்குச் சற்று மேல். பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. இவையெல்லாம் சட்டத்தில் உறுதியாகிவிட்டவை. உருவத்தின் உயரம் ஒன்றுதான் சண்டை போட மிஞ்சியிருந்தது.

* * *

சண்டை போட வேண்டிய இருவருக்கும் பழைய பகை வேறு இருந்தது.

1891-இல் வெள்ளிக் காசுகளுக்குப் புதிய வடிவம் கேட்டுப் போட்டி வைத்தபோது, நடுவர் குழுவில் செயின்ட் காடன்ஸும் பார்பரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வந்தவற்றில் எதுவும் தேறவில்லை என்று முடிவானது. கடைசியில் அந்த வடிவங்களைப் பார்பரே செய்தார்.

அடுத்து சிகாகோ உலகக் கண்காட்சியின் பரிசுப் பதக்கம். செயின்ட் காடன்ஸ் இரண்டு பக்கமும் செய்து கொடுத்தார். பின்பக்கத்தில் ஆடையில்லாத இளைஞன் ஒருவன் நின்றதால் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுப் பார்பரின் வடிவத்தை வைத்தார்கள். இன்றும் அந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்தால் கொலம்பஸ் கரையேறும் முன்பக்கம் செயின்ட் காடன்ஸுடையது, திருப்பினால் பார்பருடையது. இரண்டு கலைஞர்களின் மனக்கசப்பும் ஒரே வெண்கலத்தில் பதிந்து கிடக்கிறது.

பார்பரை வில்லனாக்கிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் தந்தை வில்லியம் பார்பருக்குப் பின் 1880 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். எந்த அச்சு எப்போது விரியும், எந்த உருவம் ஓர் அடியில் எழும் என்பது அவருக்கு அன்றாட அனுபவம். கோடிக்கணக்கில் காசு அடிக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. அவர் சொன்ன ஆட்சேபங்களில் பகையும் உண்டு, உண்மையும் உண்டு.

* * *

கார்னிஷில் செயின்ட் காடன்ஸ் உடல் நொறுங்கிக்கொண்டிருந்தார். 1900-இலேயே புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. களிமண்ணையும் பிளாஸ்டரையும் கையாளும் வேலை உதவியாளர் ஹென்றி ஹெரிங்கிடம் போனது. ஆசிரியர் பார்த்துத் திருத்தம் சொல்லுவார், ஹெரிங் செய்வார்.

சுதந்திர தேவி எங்கிருந்தோ புதிதாக வரவில்லை. நியூயார்க்கில் 1903-இல் திறக்கப்பட்ட ஷெர்மன் நினைவுச்சின்னத்தில், குதிரைமேல் வரும் தளபதிக்கு முன்னால் ஒரு வெற்றித் தேவதை நடந்து போவாள். அந்த நடைதான் நாணயத்துக்கும் வந்தது. அந்தத் தேவதைக்கு மாதிரியாக நின்றவர் ஹெட்டி ஆண்டர்சன். தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். அவர் பெயர் வெகு காலம் பேசப்படாமலே இருந்தது.

முதல் யோசனையில் தேவிக்குச் சிறகுகள் இருந்தன, கையில் கேடயம் இருந்தது. ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மிஞ்சியது வலக்கையில் தீப்பந்தம், இடக்கையில் ஆலிவ் கிளை, காற்றில் பறக்கும் கூந்தல், பின்னால் விரியும் கதிர்கள். காலருகே ஒரு மூலையில் வாஷிங்டன் கேப்பிட்டல் கட்டடம், மிகச் சிறியதாக. மறுபக்கத்தில் உதிக்கும் சூரியனுக்கு மேலே பறக்கும் கழுகு.

பிளாஸ்டர் மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஹெரிங் பிலடெல்பியாவுக்குப் போனார்.

பார்பர் பார்த்தார். உலகத்தில் எந்த நாணயச்சாலையாலும் இதை அடிக்க முடியாது என்றார்.

ஹெரிங்குக்கும் அது தெரியும். ஓர் அடியில் எழாத உயரம் என்று தெரிந்தே கொண்டுவந்திருந்தார். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை ஊகித்துச் சொல்வதைவிட, ஒரு முறை அடித்துப் பார்த்துவிடலாம் என்பது அவர் வாதம். நீண்ட பேச்சுக்குப் பிறகு பார்பர் சோதனைக்கு இணங்கினார்.

* * *

1907 பிப்ரவரி. பிலடெல்பியா நாணயச்சாலை. காசு எந்திரங்களை விட்டுவிட்டு, பதக்கம் அடிக்கும் நீரழுத்த எந்திரத்தின் முன் நின்றார்கள்.

வட்டமான தங்க வில்லை அச்சுக்குள் போனது. அழுத்தம் சுமார் 172 டன் இருக்கும் என்று ஹெரிங் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

முதல் அடி. வெளியே எடுத்துப் பார்த்தால் உருவத்தில் பாதிக்குச் சற்றுமேல்தான் வந்திருந்தது. ஹெரிங் அதையும் வார்த்து எடுத்து வைத்துக்கொண்டார். ஓர் அடியில் எவ்வளவு எழும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

வில்லையைக் காய்ச்சினார்கள். மேலே படியும் செம்புக் கறையை நீக்க நைட்ரிக் அமிலக் கரைசலில் தோய்த்தார்கள். மறுபடி அச்சுக்குள் வைத்தார்கள்.

இரண்டாவது அடியில் இன்னும் கொஞ்சம் எழுந்தது. மூன்றாவது அடி. மறுபடி காய்ச்சல், மறுபடி அமிலம், மறுபடி அழுத்தம்.

ஒன்பதாவது அடியில் தேவி முழுதாக வந்து நின்றாள். விரல், மடிப்பு, கதிர், இறகு என்று எதுவும் விடுபடவில்லை.

இப்படி அடித்தவை ஏறக்குறைய இருபது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘அல்ட்ரா ஹை ரிலீஃப்’ என்பார்கள். அமெரிக்கா இதுவரை அடித்த காசுகளிலேயே அழகானது எது என்று அவர்களிடம் கேட்டால், இதன் பெயரைச் சொல்லாதவர் அரிது. என் பதிலும் அதுதான். ஒரு காசுக்குள் இவ்வளவு காற்றும் வெளிச்சமும் நிறைந்து நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் ஒன்பது அடியில் ஒரு காசு என்றால் ஒரு நாட்டுக்கு எப்படிப் பணம் அடிப்பது?

* * *

குறுக்குவழி ஒன்றையும் முயன்றார்கள். விட்டத்தைப் பத்து டாலர் நாணயத்தின் அளவுக்குக் குறைத்து, தடிமனைக் கூட்டினால் புடைப்பு எளிதாக எழுமே? எழுந்தது. ஆனால் விட்டத்தை மாற்றக் காங்கிரஸின் அனுமதி வேண்டும். அந்த மாதிரிகளில் இரண்டைத் தவிர மற்றவை உருக்கப்பட்டன. அந்த இரண்டும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஹெரிங் புடைப்பைத் தாழ்த்தி இரண்டாவது மாதிரி செய்தார். அதற்கும் ஓர் அடி போதவில்லை.

கடிதங்கள் போயின, வந்தன. மாதிரியைக் காசின் அளவுக்குச் சுருக்க நாணயச்சாலையில் இருக்கும் எந்திரம் பழையது, மாதிரியின் நயத்தை அது கெடுக்கிறது என்று ஹெரிங் குறைப்பட்டார். மாதிரியே தவறு என்றார் பார்பர். ரூஸ்வெல்ட் பொறுமை இழந்துகொண்டிருந்தார். கார்னிஷில் சிற்பிக்கு நாட்கள் குறைந்துகொண்டிருந்தன.

1907 ஆகஸ்ட் 3. அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் தன் 59-ஆம் வயதில் இறந்துபோனார். அவருடைய ஒரு நாணயம்கூட அப்போது மக்கள் கைக்கு வந்திருக்கவில்லை.

இனி அந்த வடிவத்துக்காக வாதாட ஹெரிங் இருந்தார், அதிபர் இருந்தார். செய்தவர் இல்லை.

* * *

அக்டோபரில் நியூயார்க்கில் நிதிப் பீதி வெடித்தது. நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற பெரிய நிறுவனம் கதவை மூடியது. மக்கள் வங்கிகளின் முன் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் தங்கம் வேண்டும், உடனே வேண்டும். ஒவ்வொரு காசையும் காய்ச்சிக் காய்ச்சி அடிக்க அந்த நேரத்தில் யாருக்கு அவகாசம்?

இந்த நெருக்கடியில்தான் நாணயச்சாலைகளின் புதிய இயக்குநராக ஃபிராங்க் லீச் பொறுப்பேற்றார். சான் பிரான்சிஸ்கோவை 1906 நிலநடுக்கமும் தீயும் சூறையாடியபோது, அங்கிருந்த நாணயச்சாலையைத் தன் ஆட்களோடு உள்ளே நின்று காப்பாற்றியவர் அவர். ரூஸ்வெல்ட் அவரை அழைத்து, தனக்கு என்ன வேண்டும் என்பதையும் இதுவரை ஏன் நடக்கவில்லை என்பதையும் விவரித்தார். லீச் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

அவர் எடுத்த முடிவு இந்தக் கதையின் திருப்புமுனை. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் செய்தார்.

இரண்டாவது மாதிரியிலிருந்து எடுத்த உயர்ந்த புடைப்பு அச்சுகளைப் பதக்க எந்திரங்களில் மாட்டச் சொன்னார். ஒரு காசுக்கு மூன்று அடி. நவம்பர் இறுதியில் வேலை தொடங்கியது. மொத்தம் 12,367 காசுகள். அதிபருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது.

அதே நேரத்தில் பார்பர் தன் கையால் புடைப்பைத் தட்டித் தாழ்த்திய அச்சுகளும் தயாராகின. ஓர் அடியில் ஒரு காசு. அந்த ஆண்டு முடிவதற்குள் 3,61,667 வெளிவந்தன.

ஒரே வடிவம், ஒரே ஆண்டு, ஒரே எடை. ஆனால் இரண்டு நாணயங்கள்.

* * *

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நாணயப் பிரியர்களுக்குத் திகட்டாத இன்பம். விளிம்பை மட்டும் விரலால் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்க்க வேண்டும்.

உயர்ந்த புடைப்பு நாணயத்தில் ஒளி முதலில் தேவியின் முழங்காலில் ஏறுகிறது. பாறைமேல் ஊன்றிய கால் முன்னே துருத்துகிறது. அங்கிருந்து மடிப்புகளின் வழியே ஒளி வழுக்கி இறங்கும்போது, நிழல் அவள் பின்னால் போய் ஒளிகிறது. அவள் நம்மை நோக்கி வருகிறாள் என்ற உணர்வு அந்த நிழலால்தான் வருகிறது. காலியான பரப்பை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள் சுழன்றோடும். அச்சை மெருகேற்றியபோது பதிந்தவை அவை. ஆண்டு ரோமானிய எண்ணில் இருக்கும். அதன் கீழே சிற்பியின் பெயரெழுத்துகள் பின்னிக் கிடக்கும்.

விளிம்பைத் திருப்பினால் நட்சத்திரங்களுக்கிடையே ‘பலவற்றிலிருந்து ஒன்று’ எனும் பொருள்பட்ட லத்தீன் வாசகம் எழுந்து நிற்கிறது. இதற்காக அச்சைச் சுற்றியிருந்த வளையத்தை மூன்று துண்டுகளாகச் செய்தார்கள். இல்லாவிட்டால் அடித்த காசை வெளியே எடுக்க முடியாது. முதலில் அடித்த காசுகளில் அந்த வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே பிதுங்கிய தங்கம் கம்பி இழைபோல விளிம்பில் எழுந்துவிட்டது. நாணயச்சாலைக்கு அது குறை, டிசம்பரில் சரிசெய்தார்கள். சேகரிப்பாளர்கள் இன்று ‘வயர் ரிம்’, ‘ஃபிளாட் ரிம்’ என்று இரண்டையும் தனித்தனியே தேடுகிறார்கள்.

பார்பர் தாழ்த்திய நாணயத்தில் அதே தேவி, அதே தீப்பந்தம். ஆண்டு சாதாரண எண்ணில் 1907. ஒளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுகிறது. முழங்கால் அடங்கிவிட்டது, ஓவியம்போலத் தெளிவாக இருக்கிறது, ஆனால் முன்னே வரவில்லை. என்றாலும் இந்த நாணயம்தான் கைகளில் புழங்கியது, வங்கிகளில் அடுக்கப்பட்டது, 1933 வரை அடிக்கப்பட்டது. பார்பர் தாழ்த்தாமல் இருந்திருந்தால் செயின்ட் காடன்ஸின் தேவி சில ஆயிரம் காசுகளோடு நின்றிருப்பாள். இந்த உண்மையையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

ஒரு நாணயத்தின் அழகை ரசிக்கக் கண் மட்டும் போதாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை இந்த இரண்டும்தான். சிற்பி கேட்ட உயரம் எவ்வளவு, எந்திரம் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, ஒவ்வொரு மடிப்பும் யாரோ ஒருவர் விடாமல் போராடிப் பெற்றதாகத் தெரிகிறது.

* * *

1907 டிசம்பரில் ரூஸ்வெல்ட் ஜெயித்துவிட்டார் என்றே தோன்றியது. அவர் கனவு கண்ட நாணயம் கையில் இருந்தது.

ஆனால் ஆபத்து ஏற்கெனவே வெளியே போயிருந்தது. செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த பத்து டாலர் நாணயம் நவம்பரிலேயே மக்களிடம் சேர்ந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. இருபது டாலரிலும் அதே குறை.

‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் 1866 முதல் இருபது டாலர் தங்கத்தில் இருந்துவந்தது. புதிய நாணயத்தில் அது இல்லை. வடிவத்தின் தூய்மைக்கு அந்த எழுத்துகள் இடைஞ்சல் என்று சிற்பி நினைத்தார். கடவுளின் பெயரைக் காசில் பொறிப்பதே அவமரியாதை என்று அதிபர் நினைத்தார். நவம்பர் 11 அன்று ஒரு மதகுருவுக்கு அதை எழுத்திலேயே தெரிவித்துவிட்டார் ரூஸ்வெல்ட்.

தேவாலயங்கள் கொதித்தன. பத்திரிகைகள் இரண்டு பக்கமும் எழுதின. டிசம்பரில் கூடிய காங்கிரஸின் காதுக்கும் அந்தக் கோபம் எட்டியது. நாணயச்சாலையின் எதிர்ப்பை வென்ற அதிபருக்கு முன்னால் இப்போது மக்களின் பிரதிநிதிகள் எழுந்து நின்றார்கள்.

சிற்பி இறந்துவிட்டார். அவர் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடத்தில் எழுத்தைச் சேர்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? காங்கிரஸ் கட்டளையிட்டால், சூரியனுக்கும் கழுகுக்கும் நடுவே அந்த எழுத்துகளுக்கு இடம் தேடப்போவது யாருடைய கை?

(அடுத்த வாரம் தொடரும்)